தூசு உணரி வாங்குமுன் பற்றரிக் கணக்கைப் பாருங்கள்

2023 யூன் மாதம் கியூபெக், ஒன்ராறியோ காடுகளின் புகை ரொறன்ரோவை மூடியபோது, வெளியே போகலாமா, ஜன்னலைத் திறக்கலாமா என்று நாம் எல்லோரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் வந்த எண் நம் வீட்டு வாசலில் அளந்தது அல்ல. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ‘ரொறன்ரோ கிழக்கு’ என்ற ஒரே ஒரு நிலையத்தின் எண். அதன் பிறகு, நமக்கென்று ஓர் அளவி இருந்தால் என்ன என்ற யோசனை குடியிருப்புக் கட்டடங்களிலும் கோவில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் எழத் தொடங்கியது. மூச்சிழுப்பு உள்ள பிள்ளையை விளையாட வெளியே விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய ஆசிரியருக்கு இது வீண் ஆசை இல்லை.

கம்பி வேண்டாம், பற்றரியில் ஓடும், சுவரில் ஒட்டினால் போதும் என்று விற்கிறார்கள். இந்தப் பேச்சை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு.

வெப்பநிலை அளக்கும் சிறு கருவி ஒரு நாணய அளவு பற்றரியில் பல மாதங்கள் ஓடும். அது சும்மா இருந்தபடியே அளக்கிறது. தூசு அப்படி இல்லை. காற்றை உள்ளே இழுக்க ஒரு சின்ன விசிறி சுழல வேண்டும். இழுத்த காற்றின் மீது லேசர் ஒளி பட வேண்டும். துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணித்தான் கருவி கணக்குச் சொல்கிறது. பரவலாகப் பயன்படும் பிளான்டவர் பிஎம்எஸ்5003 உணரி ஓடும்போது 5 வோல்ற்றில் 100 மில்லியம்பியர் வரை எடுக்கும். நாள் முழுக்க ஓடவிட்டால் 12 வாற் மணி. மடிக்கணினிகளில் இருக்கும் உருளை லித்தியம் பற்றரி ஒன்றில் உள்ளதே சுமார் 11 வாற் மணிதான். ஒரு நாளுக்கே போதாது.

ஆகவே பற்றரிக் கருவிகள் எல்லாம் தூங்கி விழித்துத்தான் அளக்கின்றன. விழித்தவுடனும் அளக்க முடியாது. காற்றோட்டம் சீராக 30 விநாடி வேண்டும் என்று அந்த உணரியின் தகவல்தாளே சொல்கிறது. அளப்பதற்கு இன்னும் 10 விநாடி வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 40 விநாடி என்றால் அதே பற்றரி 13 நாள் வரும். மணிக்கு ஒரு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல். மின்னழுத்தம் மாற்றுவதிலும் செய்தி அனுப்புவதிலும் போகும் இழப்பை இதில் கழிக்கவில்லை. இதே வகை உணரியை வைத்துக்கொண்டு ஒருவர் ‘ஐந்து வருடம் பற்றரி மாற்றத் தேவையில்லை’ என்றால், ஒரு நாளில் எத்தனை தரம் அளக்கிறது என்று கேளுங்கள். பதில் அதில்தான் இருக்கும்.

பெரும்பாலோர் தடுமாறும் இன்னோர் இடம், வைஃபையா லோராவானா என்ற கேள்வி. லோராவான் குறைந்த சக்தியில் தொலைதூரம் போகும் வானொலி முறை. சக்தி மிச்சமாகும் என்று அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் ஒரு முறை அளக்க விசிறியும் லேசரும் தின்னும் சக்தி, வைஃபையில் ஐந்து விநாடி இணைந்து அனுப்பும் சக்தியைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. லோராவானுக்கு மாறினால் மொத்தத்தில் மிச்சம் பத்தில் ஒரு பங்குதான். அதன் உண்மையான பயன் தூரம். கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கும் வைஃபை எட்டாத பள்ளி மைதானத்துக்கும் அது பொருந்தும். இலண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லி மலிவாக வாங்கி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். ஐரோப்பாவில் அது 868 மெகாஹேர்ட்ஸ், வட அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. அந்தக் கருவி இங்கே பேசாது.

சுவரில் மின் இணைப்பு இருக்கும் இடத்தில் பற்றரிக் கருவியே வேண்டாம் என்பது நம் கருத்து. செருகிவிட்டால் விசிறி ஓயாமல் ஓடும், எண்ணும் நம்பகமாக இருக்கும். குளிர்காலமும் இதையே சொல்கிறது. இந்த வகை உணரிகள் பலவற்றுக்குக் கீழ் எல்லை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. ரொறன்ரோவின் ஜனவரிக்கு அது போதாது. லித்தியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே மின்னேற்றவும் கூடாது. சூரியத் தகட்டை நம்பி வெளியே மாட்டியவர் பனி விழும் மாதங்களில் வெற்றுத் திரையைத்தான் பார்ப்பார்.

எதை அளக்கப் போகிறோம் என்பதில்தான் பெரிய சிக்கல். காட்டுத்தீப் புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. லேசர் உணரி அவற்றை நன்றாகப் பிடிக்கும். கட்டட வேலையில் கொங்கிறீற் வெட்டும்போது எழும் தூசியில் பருத்த துகள்களே அதிகம். அவை இந்தச் சிறு விசிறிக்குள் ஒழுங்காக வருவதில்லை. திரையில் ‘பிஎம்10’ என்று ஓர் எண் தெரியும்தான். பல மலிவு உணரிகளில் அது நுண்துகள் எண்ணிக்கையை வைத்துக் கணித்த ஊகம். பக்கத்துக் காணியில் வேலை நடக்கிறது, பல்கணி முழுக்கத் தூசி என்று முறையிடப் போகும் குடியிருப்பாளர்கள் இப்படி ஒரு கருவியின் பதிவைச் சாட்சியாகக் கொண்டுபோனால், ‘காற்று சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று எதிர்த்தரப்பு அதையே எடுத்துக் காட்டும். அந்தத் தூசிக்கு வடிதாளில் படியவைத்து நிறை பார்க்கும் முறையோ, பருந்துகளை அளக்கவென்றே செய்த விலை கூடிய கருவியோதான் வேண்டும்.

புகைக்குக்கூட எண்ணை அப்படியே எடுக்கக்கூடாது. ஈரப்பதன் கூடினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி கூட்டிச் சொல்லும். பேர்ப்பிள்எயார் கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தச் சூத்திரம் தந்திருக்கிறது. ஈரப்பதன் 50 சதவீதம் இருக்கும் நாளில் கருவி 25 காட்டினால், திருத்தியபின் அது கன மீற்றருக்கு 14.5 மைக்ரோகிராம். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஒரு நாள் வரம்பு 15. திருத்தாமல் பார்த்தால் வரம்பைத் தாண்டிய நாள், திருத்தினால் தாண்டாத நாள். பள்ளி மைதானத்தைத் திறப்பதா மூடுவதா என்பது இந்த ஒரு கணக்கில் மாறிவிடும். எனவே திருத்தம் வெளியாகியிருக்கும், ஈரப்பதனையும் சேர்த்துப் பதியும் கருவியாகப் பாருங்கள். உள்ளே இரண்டு லேசர் உணரிகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று பழுதாகி எண்கள் விலகும்போது உடனே தெரியும்.

வாங்கியபின், அரச நிலையத்துக்கு அருகில் வசிக்கும் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வாரம் வைத்து இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். கனடாவின் காற்றுத்தரச் சுட்டெண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதில் ஓசோனும் நைதரசனீரொட்சைட்டும் சேர்ந்திருக்கின்றன. நுண்துகள் அளவைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மாட்டும் இடம் சமையலறைக் காற்றுப்போக்கிக்கு எதிரே இருக்கக்கூடாது. மிளகாய் வறுத்த அன்று காட்டுத்தீ அபாயம் அறிவிக்கும். கோவில் மண்டபத்துக்குள் வைப்பதானால் சாம்பிராணி நேரத்தைக் குறித்துவையுங்கள்.