நண்பனுக்கு உதவு

நியூசிலாந்தின் பிளாட் புஷ் பகுதியிலுள்ள பேரி கர்ட்டிஸ் பூங்காவில் மாலை நடை போனால் சமோவா, டோங்கா, ஃபிஜி முகங்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. இந்த நாடுகளும் நியூசிலாந்தும் ஒரு காலத்தில் ஒரே அணியில் நின்றன. உள்நாட்டு மோதலில் சாலமன் தீவுகள் நிலைகுலைந்தபோது, 2003 ஜூலை 24 அன்று ஆஸ்திரேலியா தலைமையில் 'ராம்சி' உதவிப் படை அங்கே இறங்கியது. பங்கேற்ற பசிபிக் நாடுகள் மொத்தம் 15. சாலமன் அரசே கேட்டு வாங்கிய உதவி அது. உள்ளூர் பிஜின் மொழியில் அதன் பெயர் 'ஹெல்பெம் ஃப்ரென்', அதாவது நண்பனுக்கு உதவு. ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளை மக்கள் கண்முன்னே அறுத்துப் போட்டார்கள். நம்பிக்கை பிறக்க அதைவிட என்ன வேண்டும்? ராம்சியின் ராணுவம் 2013-ல் கிளம்பிவிட்டது. உள்ளூர்ப் போலீசுக்குப் பயிற்சி தரும் பணி 2017 ஜூன் 30 வரை நடந்தது.