மேடைக்கு எழுதப் பழகுவோர்க்கு

நாடகம் எழுத விரும்பும் மாணவர் கையெழுத்துப் பிரதியுடன் எம்மை நாடி வரும்போதெல்லாம், சில ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த பிழையொன்று நினைவுக்கு வருகின்றது. பழகுவோர்க்குப் பயன்படும் என்பதால் அதனை ஈண்டு கூறத் துணிகின்றோம்.

மாணவன் ஒருவன் ஓரங்க நாடகமொன்றை எழுதிக் கொணர்ந்தான். பங்குக் கிணறு காரணமாகப் பகைத்துக்கொண்ட இரு சகோதரரின் கதை அது. "அண்ணை, கிணத்திலை எனக்கும் பங்கிருக்கு" என்கிறான் தம்பி. தமிழாசிரியராகிய நாம் சிவப்பு மையெடுத்து, "அண்ணா, கிணற்றில் எனக்கும் பங்கு உண்டு" எனத் திருத்தினோம். ஏனைய பக்கங்களுக்கும் அதே கதிதான். இலக்கணம் பிழைத்தது; நாடகம் மாண்டது. ஒத்திகையில் மாணவர் செய்யுள் மனனம் ஒப்புவிப்பார்போல நின்றனர். சினம் வரவேண்டிய இடத்தில் எவர்க்கும் சினம் வரவில்லை.

இவ்விடயத்தில் எமக்கு முன்னரே வழிகாட்டியவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஆவர். இலண்டனில் மொழியியல் கற்று மீண்ட அப்பெரியார், 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நான்கு நாடகங்களை 1940 இல் 'நானாடகம்' என்னும் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்து வீடுகளில் வழங்கும் பேச்சே அவற்றில் ஒலித்தது. செந்தமிழ் அறியாமையால் அவர் அவ்வாறு எழுதினாரல்லர். பாத்திரத்தின் வாய்மொழி பாத்திரத்துக்கே உரியது என அறிந்து எழுதினார். அரசரும் தேவரும் உலவும் நாடகத்துக்குச் செந்தமிழ் பொருந்தும். கிணற்றடிச் சண்டைக்கு அது பொருந்தாது.

ஆயின், பேச்சுத் தமிழில் எழுதிவிட்டால் மட்டும் நாடகமாகிவிடுமோ? ஆகாது. அம்மாணவனின் பிரதியில் வேறொரு குறையும் இருந்தது. பகை வந்த வரலாற்றைத் தம்பி இரண்டு பக்கம் நின்று கூறினான். கதையிற் கூறலாம்; மேடையிற் காட்டவேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓரியலே வகுத்தார். உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதே மெய்ப்பாடு. அதனை நினைந்து, "தம்பி தண்ணீர் அள்ள வரும்போது தமையன் என்ன செய்வான்?" என்று அவனை வினவினோம். சிறிது யோசித்து, "வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போவான்" என்றான். இரண்டு பக்கங்களும் அக்கணமே வேண்டாதனவாயின. நாமும் சிவப்பு மைத் திருத்தங்களைக் கைவிட்டு, அவனுடைய சொற்களை அவனுக்கே மீட்டுக் கொடுத்தோம்.

பழகுவோர் மனங்கொள்ள வேண்டியவை சில உள. ஒவ்வொரு பாத்திரமும் அந்த வேளையில் எதை வேண்டி நிற்கின்றது என்பதை முதலில் அறிக. ஒருவர் வேண்டுவதை மற்றவர் மறுக்கும் இடத்திலேயே காட்சியைத் தொடங்குக. ஒரு பாத்திரம் மேடைக்கு வந்தால் நிலைமை மாறவேண்டும். மாறாதாயின் அது வரவேண்டியதில்லை. எழுதியதை உரக்க வாசிக்க. நாவு தடுக்கும் இடத்தை மாற்றுக. ஒத்திகை முடியும்வரை பிரதி முடிந்ததெனக் கருதற்க.

இஃது ஒன்றே வழியென்று நாம் சொல்லவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் மேடையேறியபோது, பாடலும் கவிதை நடையும் கொண்டே அக்காலத்து மக்களின் துயரை எடுத்துரைத்தது. வடிவம் வேறாகலாம், தன் காலத்து மக்களை உற்றுக் கேட்கும் செவி இரண்டுக்கும் பொது.

அம்மாணவனின் நாடகம் பின்னர் எமது மண்டபத்தில் அரங்கேறியது. தமையன் கயிற்றைச் சுருட்டியபோது அவை முழுவதும் அடங்கியிருந்தது. முடிந்தபின் முதியவர் ஒருவர் எம்மை அணுகி, "வாத்தியார், இது ஆரின்ரை கிணறு?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். எந்தக் கிணறும் அன்று என்றோம். அவர் நம்பவில்லை.

நாடகம் எழுதப் பழகும் மாணவர்காள்! ஏட்டைத் திறக்குமுன் செவியைத் திறவுங்கள். பழைய மாணவராகிய அன்பர்களும் இளையோரின் ஒத்திகைகளுக்கு வந்து, தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அவர்களுக்குச் சொல்வார்களாக.