பாட்டுக்கு நடுவில் கேட்கும் கதை



சென்ற மாதம் நேயர் விருப்பம் நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு அம்மா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பாட்டுக் கேட்பதற்கல்ல, முறைப்பாடு சொல்வதற்கு. "தம்பி, என்ரை மகன் இரவிரவாக் கொம்பியூட்டரிலை இருந்து ஏதோ பாட்டுக்கோஷ்டியின்ரை ரசிகர்மாரோடை கதைக்கிறான். பாட்டைப் பற்றிக் கதைச்சாலும் பரவாயில்லை. எட்டிப் பார்த்தா, ஒருத்தி தன்ரை பூனைக்குச் சுகமில்லை எண்டு எழுதியிருக்கிறாள். இன்னொருத்தன் பார்த்த படம் சரியில்லையாம். இதுக்கெல்லாம் பாட்டு எதுக்கு?" என்றார்.

நான் சிரித்துச் சமாளித்து வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. எமது நேயர் விருப்பத்தில் நடப்பது என்ன? நேயர் ஒருவர் கேட்கும் பாட்டு மூன்றரை நிமிடம். அதற்கு முன்னால் அவர் சொல்வது: நேற்றுக் கொட்டிய பனி, தங்கைக்குப் பிறந்த பிள்ளை, வேலைத்தலத்தில் மாறிய ஷிப்ற். பாட்டு ஒரு சாட்டு. அந்தப் பையனும் அதைத்தான் செய்கிறான்.

ரசிகர்கள் ஏன் பாட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கதைக்கிறார்கள் என்பதை விளக்க, இதைப் பெரிய அளவில் செய்தவர்களின் கதையைச் சொல்வதே சுலபம். அவர்கள் அமெரிக்கர்கள். பெயர் 'டெட்ஹெட்ஸ்'.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில் 1965 ஆம் ஆண்டு தொடங்கிய 'கிரேற்புல் டெட்' என்ற இசைக்குழுவின் ரசிகர்கள் இவர்கள். ஜெரி கார்சியா என்ற தாடிக்காரர் அதன் முன்னணிக் கலைஞர். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள் செய்தார்கள். நாங்கள் இருக்கும் ரொரன்ரோவுக்கும் 1970 இல் வந்தார்கள். பல கலைஞர்களை ஒரே ரயிலில் ஏற்றிக் கல்கரி வரை கொண்டுபோன இசைப் பயணத்தின் தொடக்கம் அது. நுழைவுச்சீட்டு விலை கூடிவிட்டதென்று இளைஞர்கள் வாசலில் குழப்பம் செய்தபோது, கார்சியா முன்னின்று ஏரிக்கரையில் இருக்கும் கொரனேஷன் பார்க்கில் இலவச நிகழ்ச்சிக்கு ஒழுங்கு செய்து நிலைமையைத் தணித்தார். அந்தப் பயணம் 'ஃபெஸ்ரிவல் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் 2003 இல் படமாகவும் வந்தது. ரயிலில் குடிவகை தீர்ந்து சஸ்கற்றூனில் நிறுத்தி வாங்கிக்கொண்டு போன கதையும் அதில் இருக்கிறது. பிள்ளைகளோடு இருந்து பார்ப்பவர்கள் யோசித்துப் பாருங்கள்!

இந்தக் குழுவிடம் ஒரு விசேடம் இருந்தது. இன்று பாடிய வரிசையில் நாளை பாடமாட்டார்கள். ஒரே பாட்டு ஒருநாள் ஐந்து நிமிடம், இன்னொரு நாள் இருபத்தைந்து நிமிடம். நாதஸ்வரக் கச்சேரியில் வித்துவான் மனம் போன போக்கில் இராகத்தை விரிப்பதைக் கோயில் வீதியில் விடிய விடிய இருந்து கேட்டவர்களுக்கு இது விளங்கும். இசைத்தட்டு வாங்கினால் போதாது, அந்த இரவில் அங்கே இருந்திருக்க வேண்டும். இருக்க முடியாதவனுக்கு அந்த இரவின் ஒலிநாடா வேண்டும். எனவே ஆட்கள் ஊர் ஊராகப் பின்னால் போனார்கள், ஒலிப்பதிவுக் கருவியையும் காவிக்கொண்டு.

1971 இல் வெளியான இசைத்தட்டின் உறையில் குழுவே ரசிகர்களை விசாரித்தது: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள், பெயரையும் விலாசத்தையும் அனுப்புங்கள். சுகம் விசாரித்த இசைத்தட்டு! கடிதங்கள் வந்து குவிந்தன. 1974 இல் கசெட் பரிமாறுபவர்களுக்காக ஒரு சிறு சஞ்சிகை தொடங்கியது. அதுதான் பின்னாளில் 'றெலிக்ஸ்' என்ற பெரிய இசைச் சஞ்சிகை ஆனது.

கசெட் விடயத்தைச் சற்று விபரமாகச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் ரசிகர்கள் ஒலிவாங்கியை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள். பின்னர் தடிகளில் உயர்த்திப் பிடிக்கத் தொடங்க, பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறைந்தது. வேறு குழுக்கள் என்றால் காவலாளியை விட்டுப் பிடுங்கியிருப்பார்கள். இவர்கள் 1984 ஒக்ரோபரில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவுகாரருக்கென்று தனி இடம் ஒதுக்கி, தனி நுழைவுச்சீட்டும் விற்றார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பதிவை மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது.

அந்த நிபந்தனைதான் ரசிகர்களை ஒரு ஊராக்கியது என்பது என் எண்ணம். காசு கொடுத்து வாங்குவதென்றால் கடைக்காரனோடு கதை முடிந்துவிடும். மாற்றிக்கொள்வதென்றால் ஆளைத் தெரியவேண்டும், கடிதம் எழுதவேண்டும், அவர் சொன்ன நாளில் அனுப்பவில்லை என்றால் ஏன் என்று விசாரிக்கவேண்டும். மாற்றுவதற்குக் கையில் ஒன்றுமில்லாத புதியவருக்கும் வழி இருந்தது. இரண்டு வெற்றுக் கசெட்டும் திருப்பி அனுப்பத் தபால் முத்திரையும் அனுப்பினால், பழையவர் ஒருவர் இலவசமாகப் பதிந்து அனுப்புவார். ஒரு பிரதியில் இருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். ஆகவே மரம்போல ஒழுங்கு செய்தார்கள். வேரில் இருப்பவர் மூலப் பிரதியிலிருந்து சிலருக்கு எடுத்துக் கொடுக்க, அவர்கள் கிளைகளாகி மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பாட்டுப் பதிவுக் கடைகளில் வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் நடந்தவர்களுக்கு இரைச்சலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினிக்கு வருவோம். 1985 இல் ஸ்ருவேட் பிராண்ட், லரி பிரில்லியன்ற் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 'வெல்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, எழுத்தால் கதைக்கும் இடம். மாதம் எட்டு டொலர், அதற்குமேல் மணிக்கு இரண்டு டொலர். அடுத்த ஆண்டு டெட்ஹெட்ஸ் அங்கே தமக்கென்று ஒரு பகுதி திறந்தார்கள். சிலர் அதற்காகவே கணினி வாங்கினார்கள். மணித்தியாலக் கணக்கில் அவர்கள் கதைத்த கதைதான் ஆரம்ப காலத்தில் வெல்லின் வருமானத்தில் பெரும் பங்கு.

என்ன கதைத்தார்கள்? முதலில் தேவைகள்தான்: யாரிடம் மேலதிக நுழைவுச்சீட்டு இருக்கிறது, யாருடைய காரில் இடம் இருக்கிறது, நேற்று என்ன பாடினார்கள். பிறகு, இடைவெளி நாட்களில் என்ன செய்வது? கார்சியாவே இயக்கி 1977 இல் வெளிவந்த அவர்களுடைய திரைப்படத்தைப் பற்றித் தர்க்கம். அந்தப் படத்தில் மேடையில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக ரசிகர்களும் வருகிறார்கள், அது வேறு கதை. அதன்பின் வேலை போனது, பிள்ளைக்குக் காய்ச்சல், விவாகரத்து, வீட்டு வாடகை. வெல்லின் அங்கத்தவரும் எழுத்தாளருமான ஹவேட் றைன்கோல்ட் 1993 இல் எழுதிய புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். மகளின் தலையில் உண்ணி ஒன்று கடித்து ஒட்டிக்கொண்டது. மனைவி வைத்தியரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி விட்டுக் காத்திருக்க, இவர் வெல்லில் பெற்றோருக்கான பகுதியில் கேள்வியை எழுதினார். வைத்தியர் திருப்பி எடுப்பதற்கு முன்பே உண்ணியைக் கழற்றும் முறை வந்து, உண்ணியும் கழன்றுவிட்டது.

இதில் எல்லாம் நல்லதென்று சொன்னால் பெற்றோர் என்னை நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அந்தக் கூட்டத்தில் போதைப்பொருள் தாராளமாகப் புழங்கியது. கார்சியாவே அதில் பல ஆண்டுகள் சிக்கி, 1995 ஓகஸ்ட் 9 இல், 53 ஆவது வயதில், மறுவாழ்வு நிலையம் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். 1987 இல் அவர்களுடைய பாட்டொன்று அமெரிக்கத் தரவரிசையில் ஒன்பதாம் இடத்துக்கு வந்தபின், பாட்டுக்கல்லாமல் வாகனத் தரிப்பிடத்துக் கொண்டாட்டத்துக்காகவே ஆயிரக்கணக்கானோர் வரத் தொடங்கினார்கள். 1995 யூலையில் இண்டியானாவில் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார்கள். மறுநாள் நிகழ்ச்சியை நிறுத்தவேண்டி வந்தது.

ஆனால் அதே கூட்டத்துக்குள் இருந்து எண்பதுகளில் வேறொன்றும் கிளம்பியது. குடியையும் போதையையும் விட்ட ரசிகர்கள் 'வார்ஃப் றற்ஸ்' என்ற பெயரில் சேர்ந்தார்கள். நிகழ்ச்சியின் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய இடத்தில் கூடுவார்கள். "இண்டைக்குத் தாங்காது போலை கிடக்கு" என்று நினைக்கும் ஒருவன் அந்தப் பலூனைத் தேடிப் போகலாம். பாட்டையும் விடத் தேவையில்லை, பழைய பழக்கத்துக்குத் திரும்பவும் தேவையில்லை. பிள்ளை யாரோடு கதைக்கிறான் என்று கவலைப்படும் பெற்றோர், அந்த இடத்தில் மஞ்சள் பலூன் பிடிப்பவர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரிக்கலாம். "நிப்பாட்டு" என்று சொல்வதைவிட அது கடினமான வேலைதான்.

கார்சியா போனபின் குழு அந்தப் பெயரைக் கைவிட்டது. ரசிகர்கள் கலையவில்லை. வெல் பல கைமாறி, 2012 இல் அதன் அங்கத்தவர்களே காசு சேர்த்து அதை வாங்கினார்கள். கசெட்டுகள் இணையத்துக்கு ஏறின. 2005 நவம்பரில் இணைய ஆவணகம் ஒன்றில் இலவசமாகக் கிடைத்த அந்தப் பதிவுகளை எடுக்க முடியாமல் நிறுத்தியபோது ரசிகர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். குழுவின் பில் லெஷ் என்ற கலைஞர், தம்மைக் கேட்காமலே இது நடந்தது என்று வெளிப்படையாக எழுதினார். சில நாட்களில், ரசிகர்கள் சபையில் இருந்து பதிந்தவை திரும்பவும் எல்லோருக்கும் திறக்கப்பட்டன.

குழுவின் ஒலிப்பதிவாளர் பெற்றி கன்ரர் ஜாக்சன் என்ற பெண்மணியின் கதையையும் சொல்லவேண்டும். அவர் பதிந்து வைத்திருந்த மூல நாடாக்கள் களஞ்சிய அறை ஒன்றில் இருந்தன. வாடகை கட்ட முடியாமல் போக, 1986 இல் அவை ஏலத்தில் போயின. வாங்கியவர்களில் சிலருக்கு அவை என்னவென்றே தெரியாது. ஒரு பகுதி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. ரசிகர்கள்தான் தேடிப் பிடித்து, துடைத்து, பிரதி எடுத்தார்கள். அவர் 1977 மே 8 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பதிந்த நிகழ்ச்சி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாக்கப்படவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011 ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்ந்தது. 2017 இல்தான் இசைத்தட்டாக முறைப்படி வெளிவந்தது.

ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்து எடுத்த அந்தச் சுத்தமான பதிவுகள் இருக்கும்போதும், சபையில் இருந்து எடுத்த இரைச்சல் பதிவுகளையே விரும்பும் டெட்ஹெட்ஸ் நிறையப் பேர். ஏன்? பக்கத்தில் நிற்பவன் நண்பனைக் கூப்பிடுவதும், யாரோ "உஸ்" என்பதும், பாட்டின் முதல் சுரத்திலேயே என்ன பாட்டென்று கண்டுகொண்ட சனத்தின் ஆரவாரமும் அதில்தான் இருக்கின்றன.

இது எனக்கு நட்டத்தில்தான் விளங்கியது. எங்கள் அப்பா எண்பதுகளில் இலங்கை வானொலிக்குப் பக்கத்தில் கசெட் றெக்கோடரை வைத்துப் பாட்டுப் பதிவார். அதில் ஒன்று மட்டும் எப்படியோ கொழும்பால் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை சீடியில் போட்டுத் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். "இடையிலை கதைச்ச சத்தமெல்லாம் வெட்டி வடிவாக் கிளீன் பண்ணியிருக்கிறன் அண்ணை" என்று தந்தார். பதினொரு பாட்டு. பதினொன்றும் எங்கும் கிடைக்கும் பாட்டு. வெட்டி எறிந்ததில்தான் அம்மா குசினிக்குள் இருந்து கூப்பிட்டதும், காகம் கத்தியதும், பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு அப்பால் நின்று மண்வெட்டி இரவல் கேட்டதும் இருந்தன.

நல்லகாலம், கசெட்டைத் திருப்பி வாங்கியிருந்தேன். இந்த முறை நானே செய்தேன். பழைய பிளேயர் ஒன்று வாங்கி, அதன் தலைப்பகுதியை அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, கசெட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டு இறுக்கம் தளர்த்தி, காதுக்கருவி பூட்டும் துளையில் இருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுத்து, இரண்டு பக்கமும் நிறுத்தாமல் பதிந்தேன். ஒன்றையும் வெட்டவில்லை. ஒரு பிரதி என்னிடம், ஒன்று லண்டனில் தங்கையிடம், ஒன்று ஒஸ்லோவில் தம்பியிடம்.

மகள் கேட்டுவிட்டு, "மண்வெட்டி கேக்கிறது ஆர் அப்பா?" என்றாள். சொன்னேன். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த ஐயாவைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அவருடைய படம்கூட ஒருவரிடமும் இல்லை.

அந்தப் பிளேயரை இப்போது நிலையத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வீட்டில் கசெட் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் எடுத்து வரலாம். இரண்டு பக்கமும் ஓடி முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். தேத்தண்ணி இருக்கிறது, இருந்து கதைக்கலாம்.