லண்டன் – பாரிஸ்: தொலைவும் பயண நேரமும்

இங்கிலாந்தின் தலைநகர் லண்டனுக்கும் பிரான்சின் தலைநகர் பாரிசுக்கும் இடையே உள்ள நேர்த் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர். நேர்த் தொலைவு என்பது இங்கே பூமியின் வளைந்த பரப்பின்மீது அளக்கப்படும் மிகக் குறுகிய பாதையைக் குறிக்கும். இரு நாடுகளையும் ஆங்கிலக் கால்வாய் பிரிக்கிறது. பெயர்தான் கால்வாய், உண்மையில் அது கடல். டோவர் அருகே அதன் மிகக் குறுகிய அகலம் சுமார் 33 கிலோமீட்டர்.

பயணிகள் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 344 கிலோமீட்டரைக் கடக்க 26 நிமிடம் போதும். வகுத்தல் சரிதான். ஆனால் விமான அட்டவணையைப் பார்த்தால் 1 மணி 15 நிமிடம், 1 மணி 20 நிமிடம் என்று இருக்கும். இந்த வேறுபாடு மாணவர் பலரைக் குழப்புகிறது.

விமானம் அந்த வேகத்தை எட்டுவது உயரே ஏறிய பிறகே. இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏறி முடித்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். முழு வேகத்தில் பறக்கும் நேரம் சொற்பம். பாதையும் நேர்கோடு அன்று. வகுக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்ற வேண்டும். ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடவும் நேரலாம். இதனால் வானில் கழியும் நேரமே முக்கால் மணிக்கு மேல் ஆகிவிடும். அட்டவணை நேரமோ விமானம் நிறுத்திடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், புறப்பட வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸ் லெ பூர்ஜேவுக்கு அன்றாடப் பயணிகள் விமானச் சேவை தொடங்கியபோது, பயணத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது.

பயணச்சீட்டைப் படிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட 1 மணி நேரம் முந்தியது. லண்டனில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 1 மணி 20 நிமிடம் பயணித்து, பாரிசில் 12.20க்குச் சேரும். திரும்பும்போது பாரிசில் 10.00 மணிக்குப் புறப்பட்டால் லண்டனில் 10.20! இரண்டும் உள்ளூர் நேரங்கள். மாறிச் செல்ல அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ முன்பதிவு செய்பவர் இதைக் கவனியாவிட்டால் அதைத் தவறவிட நேரும். தீர்க்கரேகைப்படி இரு நகரங்களுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடம்கூட வராது என்பது வேடிக்கை. 1940இல் ஜெர்மனி பாரிசைக் கைப்பற்றியபின் அங்கு ஜெர்மன் நேரம் புகுத்தப்பட்டது. போர் முடிந்தும் அது மாறவில்லை.

ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 492 கிலோமீட்டர். கடலடியில் செல்லும் கால்வாய்ச் சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். யூரோஸ்டார் ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து, ஏறத்தாழ 2 மணி 20 நிமிடத்தில் சேர்கிறது. விமானத்தைவிட 1 மணி நேரம் கூடுதல்தான். ஆயினும் அது கிளம்பும் செயின்ட் பாங்க்ராஸ், சேரும் கார் து நோர் இரண்டும் நகருக்குள்ளேயே உள்ளன. ஹீத்ரோவும் சார்லஸ் டி கோல் விமான நிலையமும் நகர மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ரயில் ஏறுமுன்பே முடிந்துவிடுவதால், பாரிசில் இறங்கியவர் நேரே தெருவுக்கு வந்துவிடலாம்.