தலைமுடியும் தலையெழுத்தும்

சனிக்கிழமையன்று பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? 'வட திருநள்ளாறு' என்று பெயர் பெற்ற ஸ்தலமாயிற்றே! சனீசுவரனுக்கு எள் தீபம் ஏற்ற வரும் கூட்டத்தில், காதோரம் ஒட்ட மழித்து, உச்சி முடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய வாலிபர் இருவரைக் கண்டால் என்ன செய்வீர்கள்? கைப்பையைச் சற்று இறுக்கிப் பிடித்துக்கொள்வீர்கள். உண்மைதானே?

"புள்ளிங்கோ!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சென்னைப் பேச்சில் அதற்குப் 'பிள்ளைகள்' என்றுதான் பொருள். 2019 வாக்கில் ஒரு கானாப் பாட்டு அதை ஊரெல்லாம் பரப்பிற்று. பையன்கள் தங்களுக்குள் பிரியமாகச் சொல்லிக்கொண்ட சொல், பிறர் வாயில் போக்கிரி என்பதற்கு மறுபெயராகிவிட்டது.

இது புது வியாதி அல்ல. இங்கிலாந்தில், எட்வர்டு மன்னர் காலத்துப் பாணியில் நீளக் கோட்டு அணிந்த தொழிலாளர் வீட்டுப் பையன்களுக்கு 1953-ல் ஒரு பத்திரிகை 'டெடி' என்று பெயர் சூட்டியது. பிறகு நீளக் கோட்டைக் கண்டாலே ரௌடி என்றார்கள். நம் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட தாத்தாக்கள் எத்தனை பேர்! இன்று அந்தக் கிராப்புதான் அடக்க ஒடுக்கத்தின் அடையாளம்.

பையன்களிடமும் ஒரு வேடிக்கை உண்டு. "நான் தனி ரகம்" என்று காட்டத்தான் சாயம் பூசுகிறார்கள். கடைசியில் பத்துப் பேரும் ஒரே அச்சில் வார்த்தது போல் நிற்கிறார்கள்! ஆனால் தலை ஒரே மாதிரி இருந்தால் மனமும் ஒரே மாதிரி ஆகிவிடுமா? ஒருவன் விடியுமுன் எழுந்து பால் பாக்கெட் போடுகிறவனாக இருக்கலாம்; இன்னொருவன் அம்மாவின் மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனாக இருக்கலாம். வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவனுடைய படிப்பைப் பார்க்குமுன் முடியைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், நஷ்டம் அவனுக்கு மட்டுமா?

ஆசாரத்தை மீறி மீசையும் முண்டாசுமாக நடமாடிய பாரதியாரைக் கண்டும் முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றோ, பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் நம் குழந்தைக்கு அதே வேஷத்தைத்தான் போட்டு அனுப்புகிறோம். ஒட்டு மீசை வைத்தால் மட்டும் பாரதி ஆகிவிட முடியாது என்று அந்தக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாயம் பூசியதாலேயே ஒருவன் போக்கிரி ஆகிவிடுவதில்லை என்பது பெரியவர்களாகிய நமக்கும் தெரிந்தால் சரி!