உஷார்! விமானத்தில் அழுக்கு சாக்ஸ் நாற்றமா? உடனே சொல்லுங்கள்!

2018 டிசம்பர் 10. ஜெய்ப்பூரிலிருந்து கொல்கத்தா வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தின் கேபினுக்குள் புகை கிளம்பியது. கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் அவசரமாக இறக்கி, 136 பயணிகளையும் வெளியேற்றினார்கள். நல்லவேளை, எல்லோரும் தப்பினார்கள்.

அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் வருவதுதான் என்னைப் பதற வைக்கிறது.

போயிங் 787 போன்ற சிலவற்றைத் தவிர, ஜெட் விமானங்களில் நாம் சுவாசிக்கும் காற்று எஞ்சின் வழியாகத்தான் வருகிறது. எஞ்சின் அழுத்தும் சூடான காற்றில் ஒரு பங்கைப் பிரித்து, குளிரவைத்து, உள்ளே விடுகிறார்கள். ‘பிளீட் ஏர்’ என்பார்கள். எஞ்சின் ஆயிலை அடைத்து வைக்கும் சீல் கொஞ்சம் கசிந்தாலும், வெந்த ஆயிலின் ஆவி கேபினுக்குள் வந்துவிடலாம். எஞ்சின் ஆயில்கள் பலவற்றில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற பொருள் உண்டு. அதன் சில வகைகள் நரம்பைத் தாக்கும் நஞ்சு. கேபின் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும்.

டாய்லெட்டில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் அலறுவதற்குக் கருவி இருக்கிறது. சீட்டில் இருப்பவர் ஆயில் ஆவியை இழுத்தால் அலற, வழக்கமான பயணிகள் விமானங்களில் ஒன்றும் கிடையாது! 2022 அக்டோபரில் கோவா–ஹைதராபாத் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் புகை வந்த பிறகு, அந்த ரக விமானங்களின் ஆயில் மாதிரியை 15 நாளுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னது விமானத்துறைக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ. சரிதான். ஆனால் கேபின் காற்றை யார் சோதிப்பது?

இப்போதைக்கு நம் மூக்குதான். மழைக்காலத்தில் டம்டமில் ஏறி உட்கார்ந்ததும் ஏசி துளையிலிருந்து வெள்ளையாகப் பனிபோல வரும். வாசனை இருக்காது, சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறையும். அது வெறும் ஈரம், பயப்பட வேண்டாம். அழுக்கு சாக்ஸ் நாற்றமோ, தீய்ந்த எண்ணெய் நெடியோ வந்தால், கண் எரிந்தால், தலை சுற்றினால், அந்த நிமிடமே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். பக்கத்து சீட்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும்; நாற்றம் போனதால் ஆவி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் மாஸ்க் இதற்கு உதவாது, அதில் கேபின் காற்றும் கலந்தே வரும்.

இறங்கிய பிறகும் தலைவலி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வெந்த ஆயிலின் ஆவியோடு கார்பன் மோனாக்சைடும் வந்திருந்தால், அது ரத்தத்திலிருந்து சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும்; மறுநாள் டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். விமான எண், சீட் எண், நாற்றம் வந்த நேரம், மூன்றையும் போர்டிங் பாஸின் பின்பக்கத்திலேயே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.