புத்தளத்து மணியகாரர்

நகரபிதா என்னும் பதவி நம் நாட்டுச் சிற்றூர்களை எட்டாதிருந்த காலத்தில், அவ்வூர்களின் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் மணியகாரர். இறைவரி திரட்டுதல், ஊர்ப்பிணக்குகளை ஆராய்தல், அரசினரின் கட்டளையை மக்களுக்கும் மக்களின் குறையை அரசினருக்கும் எடுத்துரைத்தல் ஆகியன அவர் கடமைகள். அத்தகைய மணியகாரர் பலர் வாழ்ந்தனர், மறைந்தனர், அவர்தம் பெயர்களும் அவர்களுடனேயே மறைந்தன. அவர்களுள் ஒருவர் பெயர் மட்டும் தமிழிலக்கிய வரலாற்றில் நின்று நிலைத்துவிட்டது. அவரே சைமன் காசிச்செட்டி.

அவர் 1807-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆந் திகதி கற்பிட்டியிற் பிறந்தார். கற்பிட்டி, கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம். ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. அதற்குத் தெற்கே களப்பின் கரையில் உள்ளது புத்தளம். ‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆயிற்று என்பர். உப்பு விளையும் ஊருக்குப் பொருந்திய பெயர்தான். 1344-இல் இபுனு பதூதா வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டது இக்கரையிலேயே. தமிழரும் சிங்களவரும், முஸ்லிம்களும் கத்தோலிக்கரும், முக்குவரும் செட்டிகளும் அடுத்தடுத்து வாழ்ந்த இக்கரையில் ஒரு மொழியை மட்டும் அறிந்தவன் பாதி ஊரையே அறிந்தவன் ஆவான். காசிச்செட்டியார் தமிழ், சிங்களம், ஆங்கிலம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், வடமொழி எனப் பல மொழிகளைக் கற்றார். இளமையிலேயே அரசாங்க சேவையிற் புகுந்து, முதலியார் பட்டமும் புத்தளத்து மணியகாரர் பதவியும் பெற்றார்.

மணியகாரரின் கருவி ஏடு. எந்த ஊரில் எத்தனை குடி, எத்தனை குளம், என்ன விளைவு என்று பதிவு செய்வது அவர் தொழில். பிறர்க்குத் தொழிலாக மட்டும் இருந்தது இவர்க்குக் கல்வியாயிற்று. 1834-இல், தமது 27-ஆம் வயதில், ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கோட்டையிலுள்ள திருச்சபை மிஷன் அச்சகத்திலே அது பதிப்பிக்கப்பெற்றது. மாவட்டம், பட்டினம், துறைமுகம், ஆறு, குளம், கிராமம் என இலங்கை முழுவதையும் அகரவரிசையில் அடக்கிய நூல் அது. நூலின் முகப்பிலே ஆசிரியர் தம்மைப் புத்தளத்து மணியகாரர் என்றே குறித்துக்கொள்கிறார். தலைநகரிலிருந்து ஒரு துரை எழுதியிருக்கவேண்டிய நூலை, உப்பளத்தூர் அதிகாரி ஒருவர் எழுதி முடித்தார்.

1833-இல் அமைந்த சட்டநிருபண சபையிலே தமிழருக்கென ஓர் ஆசனமே இருந்தது. அதில் முதலில் வீற்றிருந்த குமாரசுவாமி முதலியார் 1836-இற் காலமானார். 1838 முதல் 1845 வரை காசிச்செட்டியார் அவ்வாசனத்தில் அமர்ந்தார். அக்காலத்திலும் எழுத்து நிற்கவில்லை. பரதவர் வரலாறு பற்றியும், விசயன் தலைநகர் எனப்படும் தம்மன்னா நுவரையின் இடிபாடுகள் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளை இலண்டன் அரச ஆசிய சங்கத்தின் ஏடு வெளியிட்டது. 1841-இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத இதழை நடத்தினார். இச்சங்கத்தின் இலங்கைக் கிளை 1845-இல் தோன்றியபின், அதன் ஏட்டிலே உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஆராய்ந்து எழுதினார். கிறித்தவர் ஒருவர் முஸ்லிம் புலவரின் காப்பியத்தை ஆங்கிலத்தில் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். புத்தளக்கரையில் வளர்ந்தவருக்கு இது வியப்பாகத் தோன்றியிராது; அயல்வீட்டாரின் செல்வத்தை எடுத்துக் காட்டியதாகவே இருந்திருக்கும்.

பின்னர் அவர் சிலாபத்தில் நீதிபதியானார். 1859-இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறி வெளிவந்தது ‘தமிழ் புளூட்டார்க்’. தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாழ்ந்த ஏறக்குறைய 200 புலவர்களின் வரலாற்றுச் சுருக்கம் அது. நூலின் பெயரிலேயே ஆண்பாற் புலவரோடு பெண்பாற் புலவரையும் அவர் தனித்துக் குறித்தமை போற்றத்தக்கது.

இந்நூலுக்கு அவர் சூட்டிய பெயரை நினைக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. கிரேக்கரையும் உரோமரையும் இணையிணையாக வைத்து வரலாறு எழுதிய புளூட்டார்க், ஏதென்சிலோ உரோமிலோ குடியிருந்தவர் அல்லர். கைரோனியா என்னும் சிற்றூரிற் பிறந்து, அவ்வூர்த் தலைமைப் பதவியையும் ஏற்று, ஓடு அளப்பதையும் சாந்தும் கல்லும் இறக்குவதையும் தாமே நின்று மேற்பார்த்தவர். தாமும் நீங்கினால் ஊர் இன்னும் சிறுத்துவிடுமே என்று அங்கேயே தங்கியவர். வரலாறு எழுதுவோனுக்குப் பெருநகரமும் நூல்வளமும் வேண்டும் என்பதை உணர்ந்தும், சிற்றூரிலிருந்தே எழுதியவர். காசிச்செட்டியார் இவ்வொப்புமையைக் கருதித்தான் பெயரிட்டாரோ, நான் அறியேன். ஆயினும் ஊர்த்தலைவர் ஒருவர் மற்றோர் ஊர்த்தலைவரின் பெயரைத் தம் நூலுக்கு இட்டமை மிகப் பொருத்தமாய் அமைந்துவிட்டது.

அந்நூல் எழுந்த காலத்தை மாணவர்கள் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். 1859-இல் உ. வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. அவர் பதிப்பித்த சிந்தாமணி வெளிவர இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. புறநானூறு வெளிவர 35 ஆண்டுகள் இருந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளையின் தொல்காப்பியச் சேனாவரையப் பதிப்பும் 1868-இலேதான் வந்தது. சங்க நூல்கள் ஏட்டுச்சுவடிகளிலே கிடந்த அக்காலத்தில், புலவர் வரலாறு எழுத முனைந்தவர்க்குப் பெரிதுங் கிடைத்தது செவிவழிச் செய்தியே. ஆகையால் ஔவையையும் வள்ளுவரையும் பற்றிய கட்டுக்கதைகள் நூலிற் புகுந்தன. காலக்கணிப்புகள் பல தவறின. பிற்கால அறிஞர் இவற்றை எடுத்துக்காட்டியது முறையே.

ஆனால் நூலின் உயிர் அங்கே இல்லை என்பது என் துணிபு. இந்நூலைக் கையிலெடுத்தபோது நானும் பிறரைப் போலக் கம்பரையும் ஔவையையுமே தேடினேன். என்னை நிறுத்தியவை ஈழத்துப் பெயர்கள். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரும், ஒல்லாந்தர் காலத்து மதகுருவாய் இருந்த பிலிப்பு தெ மெல்லோவும் அங்கே கம்பருக்குரிய அதே வரிசையில் நிற்கின்றனர். அவர்களை நேரிற் கண்டவர்களின் மக்களும் பேரர்களும் வாழ்ந்த காலத்திலேயே அச்செய்திகள் எழுத்தில் ஏறின. கம்பரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் வருவர். அயலூர்ப் புலவனைப் பற்றி அயலூரான் எழுதாவிடின் வேறெவர் எழுதுவர்?

ஒரு குறையை மறைத்தல் தகாது. அவர் தமிழ்ப்புலவரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ஆள்வோர் அறியவேண்டுமென்று கருதியிருக்கலாம். அதன் பயனாகத் தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு அது பூட்டிய பெட்டியாயிற்று. 1886-இல் ஆ. சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றிய பின்னரே தமிழ் மாணவன் தன் மொழியில் இத்துறை நூலைக் கண்டான்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆந் திகதி காசிச்செட்டியார் காலமானார். வயது 53. புலவர் நூல் வெளிவந்து ஓராண்டளவே சென்றிருந்தது. தமிழரின் வழக்கங்களையும் இலக்கியத்தையும் பற்றி அவர் எழுதி வைத்த மற்றொரு நூல் 1934-இலேதான், அவர் மறைந்து 74 ஆண்டுகளின்பின், அச்சேறியது. ‘தமிழ் புளூட்டார்க்’ 1946-இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் மறுபதிப்பாயிற்று.

அவர் மறைந்தபின் அக்கரையும் மாறிற்று. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்துக் கத்தோலிக்கர் பலர் 20-ஆம் நூற்றாண்டிலே தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறினர். அங்கே தமிழிற் பாடியவர், ஒப்பாரி சொன்னவர், கூத்துக் கட்டியவர் எத்தனை பேரின் பெயர்கள் எழுத்தில் நின்றன? 1990-இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறினர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தம் முன்னோர் பாடிய பாட்டுக்களை நினைவிற் கொண்டுவந்த முதியோர், நாளும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, இப்பகுதி ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. காசிச்செட்டியாருக்குச் சிலை வேண்டுவதில்லை, விழாவும் வேண்டுவதில்லை. உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உள்ள மாணவர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு கொண்டு, தத்தம் தெருவிற் பாட்டுக் கட்டியவர் எவர், எவ்வூரிலிருந்து வந்தவர், என்ன பாடினார், யாரிடம் பயின்றார் என்று எழுதட்டும். அகரவரிசையில் எழுதட்டும், இம்முறை தமிழிலேயே எழுதட்டும்.